அம்மா தூங்காமல் பார்த்துக்கொண்டேன்

மருதாணி இலையை அரைத்துக் கையில் வைத்துக்கொண்டவர்கள் ஊரெல்லாம் இருப்பார்கள். அதன் பூவை முகர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பழைய வேட்டியின் நிறத்தில், கடுகு கடுகாகக் கொத்துவிட்டுப் பூக்கிற அந்தப் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்தடி தள்ளி நின்றால், வெல்லப்பாகு காய்ச்சுகிற வீட்டில் யாரோ அத்தர்ப் புட்டியைக் கவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு கனத்த வாசனை வந்து நெற்றியில் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனைக்குத் தூக்கம் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. எனக்கு அந்த வாசனைக்கு வருவது கோபம். ஐம்பத்து நான்கு வயதில், இரண்டு இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு நடுவில், ஒரு பூவின்மேல் கோபப்படுகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று எனக்கே தெரிகிறது. கோபம் பூவின்மேல் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதவேண்டியிருக்கிறது.

என்னை எழுதச் சொன்ன பத்திரிகைத் தம்பி கேட்டது இது இல்லை. "சார், இப்ப யாருக்குமே தூக்கமில்ல. அந்தக் காலத்துல மாத்திரை இல்லாம எப்புடித் தூங்குனாங்கன்னு ஜாலியா ஒண்ணு எழுதுங்க. கடைசில நாலு டிப்ஸ் குடுத்தீங்கன்னா பெட்டி கட்டிப் போட்டுருவோம்" என்றார். நகைச்சுவை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டால் ஒருவனுக்குச் சாவு வீட்டில்கூட நிம்மதி கிடையாது. நாலு பேர் எதிரே உட்கார்ந்து உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானும் ஜாலியாகத்தான் ஆரம்பித்தேன். துணைக்கு, குடும்ப வாட்ஸப் குழுவில் ரோஜாப்பூப் படத்தோடு தவறாமல் வருகிற செய்தியையும் திறந்து வைத்துக்கொண்டேன்: சாதிக்காய் ஒரு சிட்டிகை, கசகசா ஒரு தேக்கரண்டி, மருதாணிப் பூ தலையணைக்குள், படுத்த மாத்திரத்தில் தூக்கம், இதுதான் நம் முன்னோர் கண்ட இரகசியம், பத்து பேருக்கு அனுப்புங்கள். பத்து பேருக்கு அனுப்பாமல் நான் அந்த இரகசியத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளேயே ஒரு பருவம் முழுக்க இருந்தவன் நான்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு மேற்கே, டவுன் பஸ் டிரைவருக்கு மனசிருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஓடு வேய்ந்த ஒரு சின்னக் கோயில். சாமியார் மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வந்து பூசை வைத்துவிட்டுப் போவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் மணியடித்து, ஜெபம் சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானப்பாடம் நடத்தி ஊரின் ஆத்துமத்தைப் பார்த்துக்கொள்வார். அப்பா ஒன்றரை வேலி நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்காவான ஆரோக்கியம் அத்தை. நாலே பேர். அதில் மூன்று பேருக்குத் தூக்கத்தில் எந்தக் குறையும் இல்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்தப் புரட்டாசியில் அம்மாவுக்குத் தூக்கம் வராமல் போயிற்று. டெல்டாக்காரர்களுக்குப் புரட்டாசியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், குறுவை அறுத்து நெல் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போதே அதே வயலில் அடுத்த போகத்துக்கு நடவு நடக்கிற மாதம் அது, ஒரு பந்தி எழுந்திருக்குமுன் அடுத்த பந்திக்கு இலை போடுகிற மாதிரி. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஊறவைத்த நெல்லை அண்டாவில் ஏற்றி தென்னை மட்டையும் பதரான கருக்காயும் போட்டு எரித்து அவிப்பாள். அவித்ததை வெளிச்சம் வந்ததும் வாசல் களத்தில் பரப்பவேண்டும். அதற்குள் மாடு, அதற்குள் நடவாட்களுக்குச் சோறு, அதற்குள் நான். பரப்பிய நெல்லை நாள் முழுக்க மணிக்கொருதரம் காலால் துழாவிப் புரட்டிக் கொடுக்கவேண்டும், கோழி விரட்டவேண்டும், மேற்கே கறுத்தால் வாரவேண்டும், வெளுத்தால் மறுபடி பரப்பவேண்டும். பதினோரு மணிக்கு முதுகைப் பாயில் சாய்த்தால் கண் மூடாது. மழைச் சத்தம் கேட்கிறதா, மாடு கயிற்றை இழுக்கிறதா, ஊறுகிற நெல் புளித்துவிடுமா, மூன்று மணி தாண்டிவிட்டதா என்று உடம்பு படுத்திருக்கும், காது மட்டும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும். இது அவளே பிற்பாடு சொன்னது. அப்போது யாரும் கேட்கவில்லை.

தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அம்மாவின் கண் எப்போதும் சிவந்திருந்தது, ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள், சாயங்காலம் குடும்பமாக முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லும்போது ஐந்தாவது அருள்நிறை மரியேயில் தலை முன்னால் விழுந்தது. அத்தை முழங்கையால் இடிப்பாள். அம்மா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கி, எல்லோரும் ஆறாவதில் இருக்கும்போது, பத்தும் முடிந்தபிறகு வருகிற 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்லுவாள். "ஜெபத்துல வர்ற தூக்கம் பாய்ல வர மாட்டேங்குதாமா, இது என்னாடி அதிசயமான நோவு?" என்று அத்தை கேட்டாள். கேட்டுவிட்டு வைத்தியத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அத்தையைத் திட்டி எழுதுவது சுலபம், ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் இருபத்திரண்டு வயதில் புருஷனைப் புதைத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தவை ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜெபமாலை, அடுத்தவர்களுக்கு மருந்து சொல்கிற உரிமை. மூன்றில் ஒன்றையும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதல் மருந்து மருதாணிப் பூ. "அத ஒரு பொட்டலமா கட்டி தலகாணிக்குள்ள வச்சுப்படு. செத்த பொணம்கூட கொறட்ட விடும்" என்றாள் அத்தை. பூவை வெயில் படுவதற்குமுன் பறிக்கவேண்டும், "வெயில் பட்டா வீரியம் போயிடும்." மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மரம் இருந்தது கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில். ஆக, தூக்கம் வருவதற்காக அம்மா அரைமணி முன்னதாக எழுந்திருக்க ஆரம்பித்தாள். இரண்டரைக்கு அடுப்பு மூட்டி, அண்டா நெல் கொதி வருவதற்குள் வாய்க்கால் கரைக்கு ஓடி, மடி நிறையப் பூவைப் பறித்துக்கொண்டு ஓடிவந்து, மத்தியானம் கோழி விரட்டுகிற நேரத்தில் தலையணை உறையைப் பிரித்துப் புதுப்பூவை வைத்துத் தைத்தாள். வீடே மணத்தது. அப்பா கூடத்தில் மூச்சை இழுத்துவிட்டு, "நல்ல வாசனையா இருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இரண்டாவது, சாதிக்காய். கல்லில் உரைத்துப் பாலில் கலந்து படுக்கும்போது குடிப்பது. இது இன்றைக்கும் எல்லோரும் சொல்வது. அத்தை அதில் ஒரு திருத்தம் வைத்திருந்தாள். பசும்பால் ஆகாது, எருமைப்பால்தான் "மந்தம்". எங்கள் வீட்டில் இருந்தது பசு. எருமை வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. ஜெபமாலை முடிந்ததும் அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு, தென்னைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்த பாலத்தைத் தாண்டிப் போய் வாங்கி வந்து, காய்ச்சி, உரைத்து, ஆற்றி, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்ப்பாள். நான் பக்கத்திலேயே நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்திருப்பேன். பாதிக்குமேல் என் டம்ளரில் விழும். மறுநாள் கணக்கு வகுப்பில் எனக்கு அப்படி ஒரு உறக்கம் வரும். "ஏண்டா, படிக்க வர்றியா, பாய் விரிக்க வர்றியா?" என்று வாத்தியார் கேட்டார். அம்மாவுக்குக் கொடுத்த மருந்தில் பரிபூரண குணமடைந்தவன் அந்த ஊரிலேயே நான் ஒருவன்தான். கணக்கு எனக்கு இன்றுவரை வராததற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, கசகசா. ஊறவைத்து, தேங்காயோடு சேர்த்து அம்மியில் மையாக அரைத்து, வெல்லம் போட்டுக் காய்ச்சவேண்டும். அத்தை தன் முழங்கால் வலிக்கும் நல்லது என்று ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டாள். அப்பா ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, நாளைக்கும் போடு" என்றார். நோயாளி ஒருத்திக்குச் செய்த மருந்து வீட்டுக்கே பலகாரமானது. அம்மா நாலு பேருக்கு அரைத்தாள்.

பூவும் காயும் கசகசாவும் தோற்றபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வரவழைக்கப்பட்டார். அவருக்குக் கொஞ்சம் நாட்டு வைத்தியமும் தெரியும். ஞானப்பாடப் புத்தகத்தோடு ஒரு துணிப்பையில் வேர்கள் வைத்திருப்பார். கூடத்தில் உட்கார்ந்து அம்மாவின் நாடியைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கும்மா படுக்குற?"

"பதினொண்ணு ஆயிடுதுங்கய்யா."

"எந்திரிக்கிறது?"

"முந்தி மூணு. இப்ப பூப் பறிக்கப் போறதால ரெண்டர."

உபதேசியார் விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. மூன்று விரல்கள் முழுசாக மடங்கின, நான்காவது பாதியில் நின்றது. அந்த மூன்றரை விரல்களை அவர் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்திய சாஸ்திரத்தின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு மனிதர் எங்கள் வீட்டில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். பிறகு விரல்களை விரித்து உதறிவிட்டு, "பித்தம்" என்றார்.

பித்தத்துக்கு எண்ணெய்க் குளியல். செவ்வாயும் வெள்ளியும். கரிசலாங்கண்ணி, மருதாணி இலை, வெட்டிவேர், நெல்லிமுள்ளி எல்லாம் இடித்துப் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். காய்ச்சியது யார் என்று உங்களுக்கு இதற்குள் பழகியிருக்கும். எண்ணெயைத் தேய்த்து ஊறி, சீயக்காய் அரைத்து, வெந்நீர் போட்டு, தலைமுடி காய்ந்து முடிவதற்குள் அரைநாள் போய்விடும். அந்த அரைநாளை அம்மா வேறெங்கிருந்தோ திருடவேண்டியிருந்தது. திருடினாள். ஆனால் எண்ணெய்க் குளியலுக்கு உடம்பு கேட்டது. முதல் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கண் தானாகச் சொருகிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். அப்போதுதான் அத்தை அந்தச் சட்டத்தை எடுத்து வைத்தாள்.

"எண்ண தேச்சுக் குளிச்ச அன்னிக்குப் பகல்ல படுக்கக்கூடாது. ஜன்னி கண்டுரும். வலங்கைமான்ல எங்க ஒண்ணுவிட்ட அக்கா ஒருத்தி, தலைக்கு ஊத்திக்கிட்டு மத்தியானம் சித்த நேரம் கண்ணசந்தா. சாயங்காலம் ஜன்னி. மறுநாள் கல்லறைக்குக் கொண்டுபோயிட்டம்."

என்னைப் பார்த்துத் திரும்பினாள். காலாண்டுத் தேர்வு விடுமுறை, நான் வீட்டில் இருந்தேன். "டேய், நீ ஆம்பளப்புள்ள. அம்மா படுக்காம பாத்துக்க. கண்ணு மூடுனா உலுக்கி விட்டுடு."

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வாக்கியத்தை முப்பது வருடமாகப் பலரிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன், இப்போது எழுதும்போது கை அப்படி ஒத்துழைக்கவில்லை. தூக்கம் வராத ஒருத்திக்கு ஒரு மாதமாகத் தூக்கத்துக்கு மருந்து கொடுத்த குடும்பம், அவளுக்குத் தூக்கம் வருகிற ஒரே நேரத்தில், அவள் தூங்கிவிடாமல் இருக்கக் காவல் போட்டது. காவல்காரன் நான். பெருமையாக இருந்தது. பூவரசங் குச்சி ஒன்றை ஒடித்து வைத்துக்கொண்டேன்.

அப்பாவும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார், சனிக்கிழமை தோறும். குளித்துச் சாப்பிட்டுக் கயிற்றுக்கட்டிலில் ஈரத்துண்டைக் கண்ணுக்குமேல் போட்டுக்கொண்டு படுத்தால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். அவருக்காகக் காக்கா கத்தாமல் அம்மா விரட்டுவாள், பம்பரம் விடக்கூடாது என்று என்னை வாய்க்காலுக்கு அனுப்புவாள், அத்தைகூட இருமலை வாய்க்குள் அடக்கிக்கொள்வாள். அப்பாவுக்கு ஜன்னி வந்ததில்லை. "அப்பாவுக்கு மட்டும் ஏன் வரல?" என்று நான் ஒருதடவை கேட்டேன், அந்த அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. "ஆம்பள ஒடம்புச் சூடு வேறடா" என்றாள் அத்தை. அதோடு நான் திருப்தியடைந்தேன், அந்த அளவுக்குத்தான் இருந்தது.

அப்பா உழைக்காதவர் இல்லை. தண்ணீர் முறைக்காக வாய்க்கால் கரையில் கிடந்தவர், சேற்றிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் மத்தியானம் படுத்ததில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அந்தக் கட்டிலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து கோழி விரட்டிக்கொண்டிருந்தவளை ஒருநாள்கூட அவர் கண் பார்க்கவில்லையே என்பதுதான். துண்டு மறைத்திருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை. அப்பா நடவு வயலில். அத்தை கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கப் போயிருந்தாள். களத்தில் இரண்டு அவியல் நெல் பரப்பியிருந்தது, பளபளவென்று. அம்மா தலைமுடியை விரித்துப் போட்டு, களத்தின் ஓரத்தில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள், கையில் தென்னை ஈர்க்குக் கட்டு. எதிரே காவல்காரன். கொஞ்சநேரம் காவல் காத்தேன். வாய்க்காலில் கெண்டைக்குஞ்சு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் கூப்பிட்டார்கள். காவல்காரன் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு சம்பவத்தில் அடக்கிவிடலாம்.

திரும்பி வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

உட்கார்ந்த நிலையிலேயே மரத்தில் சாய்ந்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஈர்க்குக் கட்டு பிடித்தபடி கையிலேயே இருந்தது. கன்னத்தில் ஒரு நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா தூங்குகிற முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை என்பது அப்போது உறைத்தது. நான் தூங்கும்போது விழித்திருப்பாள், நான் விழிக்கும்போதும் விழித்திருப்பாள், அவளுக்கு அப்படி ஒரு முகம் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு அக்காமார்களுக்கு இருக்கிற முகம். பூ இல்லை, காய் இல்லை, எருமைப்பால் இல்லை. மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

களத்தில் ஆறு கோழிகள் சாப்பாட்டில் இருந்தன. கத்தி விரட்டினால் அம்மா விழித்துக்கொள்வாள் என்று எனக்கு எப்படியோ தோன்றியது. துண்டைச் சுழற்றிச் சத்தமில்லாமல் ஓட்டினேன். பிறகு, யாரும் சொல்லாமலே, நெல்லுக்குள் இறங்கி அம்மா செய்வதுபோல் காலை இழுத்து இழுத்துத் துழாவிக்கொண்டு நடந்தேன். உள்ளங்கால் சுட்டது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அங்கிருந்து திரும்பி இந்த ஓரம். மறுபடி கோழி. மறுபடி ஒரு நடை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மரத்தின் நிழல் அம்மாவின் பாதத்தைவிட்டு விலகிப் போகிற அளவுக்கு நேரம். பெரிய கஷ்டமொன்றும் இல்லை. ஒன்பது வயதுப் பையனால் முடிகிற வேலை. அதைச் செய்யச் சொல்லி என்னிடம் யாரும் கேட்டதில்லை. நெல் காயவைப்பது பொம்பளை வேலை, பொம்பளைக்குக் காவல் இருப்பதுதான் ஆம்பளை வேலை.

அந்த வீட்டில் அந்தப் பருவத்தில் அம்மாவுக்குச் சரியான வைத்தியம் நடந்தது அந்தச் சில நடைகளின்போது மட்டும்தான். அப்படியே விட்டிருக்கலாம்.

அருகே வந்து உட்கார்ந்து, சும்மா, அம்மாவின் பாதத்தைத் தொட்டேன். கொதித்தது. வெயில் பட்ட பாதம் சுடும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் வலங்கைமான் அக்கா மட்டும்தான். சாயங்காலம் ஜன்னி, மறுநாள் கல்லறை. தோளைப் பிடித்து உலுக்கினேன். "அம்மா எந்திரி, அம்மா, ஜன்னி வந்துருச்சு, எந்திரி."

தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி இல்லை, கிணற்றிலிருந்து தூக்கிப் போட்ட மாதிரி விழித்தாள். முதலில் நெல்லைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கட்டிலைப் பார்த்தாள், அது காலியாக இருந்தது. கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்டா தூங்குனேன்?"

"கொஞ்ச நேரந்தாம்மா."

"நெல்லு பொரண்டிருக்கே."

"நாந்தாம்மா தொழாவுனேன்."

அவள் என் காலைப் பார்த்தாள், சிவந்துபோன உள்ளங்காலை. ஏதோ சொல்ல வந்தாள். பிறகு சொன்னது வேறு. "அத்தைகிட்டச் சொல்லிடாத, என்னா?"

தலையாட்டினேன். தலையாட்டிய சூடு ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். காப்பி நேரத்தில் அத்தை, "என்னாடா காவக்காரா, அம்மா படுத்தாளா?" என்று கேட்டபோது, ஜன்னி வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பங்கு, நான் காப்பாற்றினேன் என்ற பெருமை மூன்று பங்கு. எல்லாவற்றையும் சொன்னேன், கோழி ஆறு என்பது உட்பட.

ஜன்னி வரவில்லை. வந்தது தீர்ப்பு. அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவுகிற இடத்திலேயே அத்தை ஆரம்பித்தாள். "ராத்திரி தூக்கமில்லன்னு ஊரையே கூட்டுனவ, பட்டப்பகல்ல நெல்லக் காயப்போட்டுட்டு, கோழிக்கு விருந்து வச்சுட்டுத் தூங்கிருக்கா. தூக்கம் வராத நோவாம். வேல ஓடாத நோவுடா தம்பி இது."

நான் எதிர்பார்த்தது அப்பா ஏதாவது சொல்வார் என்று. சொன்னார். "சரி, அப்ப ஒடம்புக்கு ஒண்ணுமில்லல்ல? நாளைக்கு நெல்ல மில்லுக்குப் போடணும்."

ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரும் பகல் தூக்கம் வந்துவிட்டால் பித்தம் இறங்கிவிட்டதென்று அர்த்தம் என்று உறுதி செய்தார். அம்மா குணமானவளாக அறிவிக்கப்பட்டாள். மருந்துகள் நின்றன. மருதாணித் தலையணையை அத்தை எடுத்துக்கொண்டாள். அம்மா இரண்டரைக்குப் பதிலாக மூன்று மணிக்கே எழுந்திருக்கலாம் என்று ஆயிற்று. ஒரு மாத வைத்தியத்தில் அவளுக்குக் கிடைத்த மொத்த லாபம் அந்த அரைமணிதான், அதுவும் முதலில் அவளுடையதாக இருந்ததுதான்.

அம்மா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காப்பியில் எனக்கு வழக்கம்போல் ஒரு கரண்டி சீனி கூடவே போட்டாள். அதை மன்னிப்பு என்று நான் ரொம்ப வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் பழக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப்பிறகு அம்மா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலிலும் இல்லை, அப்பாவின் சாவுக்கு மறுநாளும் இல்லை.

இப்போது அம்மா தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறாள். எழுபத்தொன்பது வயது. அப்பாவும் அத்தையும் ஊர்க் கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில், எந்தத் தொந்தரவும் இல்லாமல். களத்தில் சிமெண்டு போட்டு யாரோ கார் நிறுத்துகிறார்கள். நெல் அவிக்கிற வேலையை ஆலை எடுத்துக்கொண்டுவிட்டது, வாய்க்காலுக்குக் காங்கிரீட் சுவர் வைத்தபோது மருதாணி மரம் போயிற்று, எருமையைப் பார்க்கவேண்டுமென்றால் இனி சிரமப்படவேண்டும். இதையெல்லாம் சொல்லி நான் பெருமூச்சு விடவேண்டும் என்று பத்திரிகைத் தம்பி எதிர்பார்ப்பார். அந்த அண்டா போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட நான் தயாரில்லை. அடுப்பு இருந்த இடத்தில் கார் நிற்பதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷம். ஒரே வருத்தம், அவையெல்லாம் போனபிறகும் போகாத ஒன்றுதான். அம்மாவுக்கு இப்போது விரட்டக் கோழி இல்லை, புரட்ட நெல் இல்லை. சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறாள், கண் மூடுகிறது, தலை மெல்லச் சாய்கிறது. யாருடைய காலடிச் சத்தமாவது கேட்டால் போதும், நிமிர்ந்து, "தூங்கலப்பா, சும்மா கண்ண மூடிருந்தேன்" என்கிறாள். கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. "படும்மா" என்றால், "பகல்ல என்னா படுக்க வேண்டிக்கெடக்கு" என்கிறாள்.

தூக்கம் வராதவன் இப்போது நான். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார், அந்த மாத்திரை மட்டும் எனக்குப் பயம். என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்பு எடுத்துவிட்டு வந்து, சமைத்து, விடைத்தாள் திருத்தி, படுக்குமுன் எனக்குச் சாதிக்காய் உரைத்துப் பாலில் கலந்து கொடுக்கிறாள். மூன்று வாரமாகக் குடித்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒருநாள், ஆடை படியாமல் ஆற்றித் தரும்படி குறைகூடச் சொன்னேன். அதை இந்தக் கட்டுரையில் அம்மா வாய்க்காலைத் தாண்டுகிற பத்தியை எழுதும்வரை நான் கவனிக்கவில்லை என்றால் நீங்கள் நம்பவேண்டும்; என்னைப் பற்றி எதை நம்பாவிட்டாலும் இதை நம்பலாம்.

பாலோடு நான் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் வாட்ஸப் முன்னோர்கள் விடவில்லை. கைப்பேசியில் தேடினேன், மருதாணிப் பூ நிரப்பிய தலையணை ஒன்று விற்பனைக்கு இருந்தது. ஆர்டர் செய்தேன். ஆமாம், இவ்வளவும் தெரிந்தவன்தான்.

போன வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா நாற்காலியில் இருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, எதிரே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பூவரசமரத்தடிக்குப் பிறகு அந்த முகத்தை முழுசாகப் பார்க்கக் கிடைத்தது அன்றைக்குத்தான். சுருக்கங்களுக்கு அடியில் அதே முகம். அசையாமல் இருந்தேன். ஒருவேளை இந்தத் தடவை.

வாசல் மணி அடித்தது. ஒருதடவை இல்லை, மூன்று தடவை. அம்மா தூக்கிவாரிப்போட்டு எழுந்து நின்று, கதவைத் திறப்பதற்குள், கதவுக்கு அந்தப்பக்கம் நின்ற கூரியர்ப் பையனுக்குக் கேட்கும்படி, "தூங்கலங்க, முழிச்சுத்தான் இருந்தேன்" என்றாள்.

கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பெட்டியைப் பிரித்ததும் அந்த வாசனை கூடத்துக்கு வந்து நெற்றியில் உட்கார்ந்தது.

"என்னாப்பா அது?"

"தலகாணிம்மா. மருதாணிப் பூ போட்டது. தூக்கம் வருமாம்."

அம்மா கையை நீட்டினாள். தலையணையை வாங்கி மடியில் வைத்து, முகர்ந்து பார்த்தாள். "நெசப் பூதான்" என்றாள். "வெயில் படாம பறிச்சிருக்கு." தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள்.

"பாவம், இதப் பறிச்சவ எத்தன மணிக்கு எந்திரிச்சாளோ" என்றாள்.